தண்ணீர் ஊற்றாத சிரட்டை

1

இந்தக் கதை என் சொந்தக் கதை இல்லை. கோச்சடைக் குழாயடியில் குடத்தோடு நின்றபோது பாண்டியம்மாள் அக்கா சொல்லிக் கேட்டது. முடிவைச் சொல்வதற்குள் அவர் குடம் நிறைந்துவிட்டது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கேட்கலாம் என்று நின்றேன். வாய் வரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வைகைக் கரையில் கதிரவன் செம்பொன்னாக உதித்தபோது நல்லகாமன்..."

அடித்துவிட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் நல்லகாமன் கதிரவனைப் பார்க்கிற ஆள் இல்லை. எழுந்ததும் விதை மூட்டையைத்தான் பார்ப்பார்.

இன்னொரு தொடக்கம்: "பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் பெற்றோர் எவ்வளவு உதவலாம் என்பது குறித்து அறிஞர்கள் பலவாறு..."

எனக்கு அறிஞர் யாரையும் தெரியாது. வீட்டுப்பாடம் எழுதியே நாலு வருசம் ஆகிறது. கதைக்கு வருகிறேன்.

2

நல்லகாமனுக்குச் சிம்மக்கல்லில் ஒரு சின்ன விதைக்கடை. அவர் கொடுத்த மொச்சை முளைக்கவில்லை என்று இதுவரை காட்டில் விதைத்த ஒரு சம்சாரியும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையை வேட்டி மாதிரி உடுத்திக்கொண்டிருந்தார்.

மகள் செல்லத்தாய் எட்டாம் வகுப்பு. "எட்டுல பெயிலானா வீட்டோட இருந்துக்க" என்று சொல்லி வைத்திருந்தார். சொன்னாரே தவிர, அவள் பெயிலாகிவிடுவாளோ என்ற பயம் அவளைவிட அவருக்குத்தான் அதிகம். பயம் வந்தால் உதவி செய்ய உட்கார்ந்துவிடுவார். இந்தியப் படம் வரைந்து வரச் சொன்னால் கடற்கரை முழுவதையும் அவரே போடுவார். வரப்பு மாதிரி நேராக இருக்கும்.

இந்த முறை அறிவியல் வாத்தியார் முத்துக்கருப்பன் கொடுத்த வேலை வேறு. இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டு மொச்சை ஊன்ற வேண்டும். ஒன்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மற்றதற்குச் சொட்டுக்கூட ஊற்றக் கூடாது. பத்து நாள் கண்ணால் பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். நோட்டு சரியில்லை என்றால் அறிவியலில் பாஸ் கிடையாது.

3

"என்னத்தா, இந்தச் சிரட்டை காஞ்சு கெடக்கு?"

"அது அப்பிடித்தான்ப்பா கெடக்கணும். தண்ணி இல்லாட்டி முளைக்காதுன்னு காட்டணும்."

"முளைக்காதா? நம்ம வெதையா?"

"எந்த வெதையும்தான்ப்பா."

"அப்ப எதுத்த கடைக்காரன் சங்கிலியோட வெதையக் கொண்டுபோயிக் காட்ட வேண்டியதுதான? அம்புட்டுப் புள்ளைக முன்னாடி, நல்லகாமன் மொச்சை முளைக்கலைன்னு நீயே எழுதிக் குடுப்பியாக்கும்!"

செல்லத்தாய் காய்ந்த சிரட்டையை வெயில் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

[இந்த இடத்தில் அவள் சுருக்கென்று ஏதாவது கேட்கட்டும் என்று மூன்று வரி எழுதினேன். மூன்றும் நான் எங்கள் வீட்டில் கேட்க நினைத்தவை. அவள் கேட்கக்கூடியவை இல்லை. கிழித்துவிட்டேன்.]

மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போனதும் நல்லகாமன் காய்ந்த சிரட்டையில் ஒரு கை தண்ணீர் தெளித்தார். ஒரே ஒரு கை. வெயிலில் சாயங்காலத்துக்குள் ஈரம் காய்ந்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது? அதையே தினமும் செய்தார்.

மற்ற சிரட்டைக்கும் அவர் குறை வைக்கவில்லை. காலையில் மகள் ஊற்றுவாள். அவள் போனபின் இவர் ஊற்றுவார். மத்தியானம் பாண்டியம்மாள் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுவார்.* மூன்று பேரும் உதவினார்கள். ஒருவர் ஊற்றியது மற்றவருக்குத் தெரியாது.

* அக்கா இதைக் குழாயடியில் சொல்லவில்லை. நானே சேர்த்தது. எல்லாப் பழியையும் வீட்டுக்காரர் தலையில் போட்டுவிட்டுப் போனது எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. நல்லகாமன் பழக்கத்தில் கையை நனைத்துத் தெளித்தார். கதவுக்குப் பின்னால் மகள் நின்றதை அவர் பார்க்கவில்லை.

4

பத்தாம் நாள், தண்ணீர் ஊற்றிய விதை அழுகி நாறியது. ஊற்றாத விதை ரெண்டு இலை விட்டுத் தளதளவென்று நின்றது.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. நல்லகாமன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் தலை. பாதித் தலைகள் அவரிடம் விதை வாங்குகிற வீட்டுத் தலைகள்.

"நல்லகாமண்ணே, இத வாசிங்க." வாத்தியார் முத்துக்கருப்பன் செல்லத்தாயின் நோட்டை நீட்டினார்.

'ஆகவே, விதை முளைக்கத் தண்ணீர் தேவையில்லை' என்று எழுதியிருந்தது.

"கண்ணால பாத்தத எழுதச் சொன்னீக. எழுதியிருக்கா சார்."

"தண்ணியில்லாம எந்த வெதண்ணே முளைக்கும்?"

"எங்க வெத முளைக்கும்." வாய் முந்திக்கொண்டது. ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வாத்தியார் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற செல்லத்தாயிடம் நோட்டைத் திருப்பினார். "எல்லா நாளும் எழுதியிருக்க. ஞாயித்துக்கிழமைக்கு நேரா மட்டும் ஒண்ணுமே இல்ல. சோதனையே செய்யாம எழுதியிருந்தா ஒனக்குப் பாஸ் கெடையாது. சொல்லு செல்லத்தாயி, அன்னிக்கு என்ன பாத்த?"

நல்லகாமன் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருந்தது அவருக்கு நினைவு வந்தது.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

நல்லகாமன், "நாந்தேன் சார் ஊத்துனேன்" என்று ஒப்புக்கொள்கிறார். மகள் பாஸ். நல்ல முடிவுதான். ஆனால் நல்லகாமன் எதையாவது ஒப்புக்கொண்டார் என்று கோச்சடையில் இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வாத்தியார் நம்பிவிடுகிறார். தண்ணீர் கேட்காத மொச்சையில் ரெண்டு படி வாங்கி, திருப்பரங்குன்றத்தில் மாமனார் காட்டில் விதைத்துவிட்டு... சிரித்துக்கொண்டே பாதி எழுதினேன். பிறகு செல்லத்தாய் அதில் எங்கே நிற்கிறாள் என்று தேடினேன். காணோம்.

"நாந்தேன் சார் மறந்துபோயி ஊத்திட்டேன்" என்று செல்லத்தாய் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். அப்பா மானம் தப்பும். அவள் படிப்பு போகும். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

நல்லகாமன் தொண்டையைச் செருமுகிறார். நானும் பேனாவை உதறுகிறேன். ரெண்டு பேரும் அவளுக்கு உதவத்தான் வருகிறோம். ஆனால் வாத்தியார் கேட்டது எங்களை இல்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில சார்..." என்கிறாள் செல்லத்தாய்.

நிறுத்தியிருக்கிறாள். மூச்சு வாங்குகிறாள். தயவுசெய்து நீங்களும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.