மிட்சுயோ சேர்த்துவைத்த பதினொரு பதில்கள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. தேநீர் ஆறினால் ஆறட்டும், கதை ஆறக்கூடாது. என் பக்கத்துக் கடை மிட்சுயோவின் தலைக்குள் பிளாட்டினம் போன கதை இது.

எங்கள் ஒசாகாவில் யாராவது விரலைத் துப்பாக்கியாக நீட்டி "டுமீல்!" என்றால், வழிப்போக்கரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாக வேண்டும். ஒருவர் அசடாகப் பேசினால் மற்றவர் மடக்கியாக வேண்டும். சும்மா விட்டால் மரியாதைக் குறைவு. மிட்சுயோ ஆக்டோபஸ் பணியாரம் சுடுவதைவிட இதில்தான் கெட்டிக்காரி.

ஆண்டுக் கடைசியில் கடைத்தெருக் குலுக்கலில் வெந்நீர் ஊற்றுப் பயணம் விழும் என்று காத்திருந்தவளுக்கு, மூளையைப் படம் எடுக்கும் இலவசச் சீட்டு விழுந்தது.

"இருக்கான்னு பாத்துட்டு வா," என்றார் கணவர் டோகுசோ.

மூளை இருந்தது. கூடவே இடப்பக்க ரத்தக்குழாயில் பட்டாணி அளவு குமிழ் ஒன்றும் இருந்தது. வெடித்தால் உயிர் போகலாம். வைத்தியம் பிசகினால் பேச்சு போகலாம். பேச்சு குடியிருப்பது அந்தப் பக்கம்தான். மிட்சுயோ உயிரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"பேச்சு தங்குமா டாக்டர்?"

உசாமி டாக்டர் டோக்கியோக்காரர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"தங்க வைக்கத்தான் பாக்குறேன். தொடை வழியா மெல்லிசா ஒரு குழாயை அனுப்பி, குமிழுக்குள்ள பிளாட்டினச் சுருளை நிரப்புவோம். குமிழோட வாய் அகலம். சுருள் வெளிய வழியாம இருக்க, ரத்தக்குழாய்ல ஸ்டென்ட்னு ஒரு வலைக்குழாய் வைப்போம்."

"குழியை நிரப்பணும், வழியக்கூடாது. நாப்பது வருஷமா நான் பண்றதுதானே! சொல்லியிருந்தா கரண்டியோட வந்திருப்பேனே."

டாக்டர் சிரிக்கவில்லை.

வைத்தியத்தன்று தொடையில் மரத்துப்போக ஊசி மட்டும் போட்டார்கள், நினைவு இருந்தது. தலையை நாடாவால் கட்டினார்கள். பேசக்கூடாது, வலித்தால் அழுத்துங்கள் என்று கையில் ஒரு ரப்பர் வாத்தைக் கொடுத்தார்கள்.

"அசையாதீங்கம்மா. மூச்சு மட்டும் விட்டுக்கலாம்."

கீச்!

எல்லாம் நின்றது. "வலிக்குதா?"

"இல்ல டாக்டர். அனுமதி குடுத்தீங்களே, நன்றி சொல்லலாம்னு."

டாக்டருக்கு வேர்த்துவிட்டது. "அம்மா, நீங்க பேசினாலும் சிரிச்சாலும் தலை குலுங்கும். காகிதத்தைவிட மெல்லிசான சுவருக்குள்ள வேலை செய்யறேன். பதிலையெல்லாம் சேத்து வைங்க. முடிஞ்சதும் ஒன்னுவிடாம கேக்குறேன்."

"உள்ள இன்னும் காலியாத்தான் இருக்கு," என்றார் திரையைப் பார்த்து. மிட்சுயோ ஒரு விரலை மடக்கினாள். "பழைய குழாய், வளைஞ்சு வளைஞ்சு போகுது." இன்னொரு விரல். பத்து விரலும் தீர்ந்ததும் வாத்தைப் பதினொன்றாக வைத்துக்கொண்டாள். வலைக்குழாய் விரிந்தது. ஆறு சுருள்கள் குமிழுக்குள் சுருண்டு படுத்தன.

"முடிஞ்சது. பேசுங்கம்மா."

பேச்சில்லை.

"உங்க பேர் என்ன?"

அவள் கூரையையே வெறித்தாள். டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. டோகுசோவை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் விரலைத் துப்பாக்கியாக நீட்டினார்.

"டுமீல்!"

மிட்சுயோவின் இரண்டு கைகளும் நெஞ்சுக்குப் பறந்தன. "ஐயோ, பாவி மனுஷா! கட்டின பொண்டாட்டியையே சுட்டுட்டியே!" வாத்தும் கூடவே கத்தியது.

"ஏம்மா இவ்வளவு நேரம் பேசல?" என்று கேட்டார் டாக்டர்.

"பதினொரு பதில் சேத்து வச்சேன், நாலாவது மறந்துபோச்சு. தேடிக்கிட்டு இருந்தேன். நடுவுல வாயைத் திறந்தா மத்ததும் ஓடிடுமே!"

பிறகு மிச்சப் பத்தையும் அவிழ்த்தாள். "உள்ள காலின்னு எங்க வீட்டுக்காரர் படிக்காமலே சொல்லுவாரு. நீங்க இத்தனை வருஷம் படிச்சு அதையேதான் கண்டுபிடிச்சீங்களா?"

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டோகுசோ சிரிக்கிறாரா அழுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் குமிழ் நன்றாக மூடியிருந்தது. உசாமி டாக்டர் அதைச் சொல்லவில்லை. மேசைக்குப் பின்னாலிருந்து இறுகிய முகத்தோடு விரலை நீட்டினார். "டுமீல்."

"கட்டைவிரலைத் தூக்கணும் டாக்டர்! டோக்கியோ துப்பாக்கிக்கு விசையே கிடையாதா?" என்றாள் மிட்சுயோ. என்றாலும் மரியாதைக்கு நாற்காலியில் சாய்ந்து செத்துக் காட்டினாள்.

உங்கள் வீட்டிலும் ஒவ்வொரு அசட்டுப் பேச்சுக்கும் சுடச்சுட ஒரு பதில் இருக்கட்டும் கண்ணுகளா. சுடுகிற விரலெல்லாம் பிரியமானவர்கள் விரலாகவே இருக்கட்டும். விழுந்தவர் எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கட்டும்.