சீட்டிப் பரீட்சை

"ஊதும்மா, கூச்சப்படாம ஊது!" என்றார் சித்தப்பா.

தையற்காரி உதட்டைக் குவித்து ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது.

"வேணும்னே அடக்கி ஊதறா," என்றாள் அண்ணி.

வயது முப்பத்துமூன்று ஆகியும் வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு, மாடி அறையில் நர்ஸ் தோழியோடு குடியிருப்பவள் இந்தத் தையற்காரி. ஞாயிற்றுக்கிழமை மரக்கடைக்காரர் வீட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். முடியவே முடியாது என்று இவள் நிற்க, மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருந்த சித்தப்பாவை அண்ணன் வரவழைத்தான். அவரும் தலையணை பருமனில் ஒரு பழைய மருத்துவப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்வெர்ட்!" என்று விரலை வைத்தார். "நூறு வருஷத்துக்கு முன்னாடி பெரிய பெரிய டாக்டருங்க வச்ச பேரு. தலைகீழ்ப் பிறவின்னு வச்சுக்கோயேன். உடம்பு பொம்பள, உள்ள இருக்கறது ஆம்பள."

ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்மேல் மனசு போனால் அவளுக்குள் ஓர் ஆண் ஒளிந்திருக்கத்தான் வேண்டும் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அடையாளமும் சொல்லியிருந்தார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஊசிநூல் பிடிக்காது, ஆனால் சீட்டி பிரமாதமாக வரும். இது பிறவியிலேயே வருவது, இதற்காக யாரையும் தண்டிக்கக்கூடாது என்றும் சில வரிகள் இருந்தன. அங்கே வந்ததும் சித்தப்பாவுக்குத் தும்மல் வந்தது. தும்மிய வேகத்தில் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

அடையாளம் பொருந்தினால் நர்ஸ் பெட்டியைக் கட்ட வேண்டும். பொருந்தாவிட்டால் மரக்கடைக்காரருக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். எப்படிப் போனாலும் அடி தையற்காரிக்குத்தான். படிக்கட்டில் நின்ற நர்ஸை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"சீட்டி வரல. தையலோ, தெருவுக்கே தச்சுத் தர்றா. நம்ம பொண்ணு நல்ல பொண்ணுதான்!" என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்.

"அப்படிப்பட்ட ஆம்பளைங்களுக்கு என்ன போட்டிருக்கு?" என்று அண்ணி சும்மா இருக்காமல் கேட்டுவைத்தாள்.

"பொம்பளைங்களுக்கு நேரெதிர். சீட்டியே வராது. பச்சை நிறம்னா உசிரு..."

சித்தப்பாவின் குரல் இறங்கியது. அண்ணன் பச்சைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவன் வாங்கிய திரைச்சீலை பச்சை, ஸ்கூட்டர் பச்சை, பல் துலக்கும் பிரஷ்கூடப் பச்சை.

"ஊதுங்க," என்றாள் அண்ணி.

"பைத்தியமா உனக்கு?"

"ஊதுங்கன்னா!"

அண்ணன் ஊதினான். கன்னம் உப்பியது, எச்சில் தெறித்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

"ரெண்டு புள்ள பெத்திருக்கேனே!" என்று அண்ணி தலையில் கைவைத்தாள்.

"ஆம்பள விஷயத்துல இது பழைய புத்தகம்மா, நம்பக்கூடாது," என்று சித்தப்பா அவசரமாக மூடினார்.

தையற்காரிக்குச் சிரிப்பு பீறிட்டது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்ததை, நர்ஸைக் கைகாட்டியே சொல்லிவிட்டாள்.

"எனக்குள்ள எந்த ஆம்பளையும் இல்ல சித்தப்பா. நான் முழுசா பொம்பளதான். எனக்கு இவளத்தான் பிடிச்சிருக்கு. இவகூடத்தான் இருப்பேன்."

அண்ணன் கையை வீசினான்.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும். ஞாயித்துக்கிழமை அவங்க வரட்டும்."

"தாராளமா வரட்டும். நானே அவங்ககிட்ட சொல்றேன். சந்தேகம் வந்தா, புத்தகத்தை வச்சு சித்தப்பா எனக்கு நடத்தின பரீட்சையையும் சொல்றேன். கூட யார் யார் பரீட்சை எழுதினாங்கன்னும் கேப்பாங்க இல்ல?"

அண்ணனின் முகம் வெளிறியது. எழுந்துபோய் மரக்கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"இல்லைங்க, வர வேண்டாம்... தங்கச்சிக்கு ஒண்ணுமில்லைங்க, தங்கமான பொண்ணு. எனக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்ல."