எட்டு ரோமங்கள்

குகைக்குள் குப்புறப் படுத்துக் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்த நுபியாவுக்கு முழங்கை இரண்டும் மரத்துப்போயிருந்தன. வெளியே சந்தாந்தேர் மலைச்சரிவில் வெயில் கொளுத்தியது. உள்ளே வௌவால் எச்சத்தின் நெடி. பக்கத்தில் அவளுடைய ஆய்வகத் தோழி யாமிலே ஒரு கையில் விளக்கைப் பிடித்தபடி, மறு கையால் பையிலிருந்த, அந்த ஊர்த் தின்பண்டமான வறுத்த எறும்புகளைக் கொறித்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்புவோம்டி. ஒல்மெதோ சார் சிரிச்சது இன்னுமா உன் காதுல கேக்குது?"

"கேக்காம? எல்லார் முன்னாடியும்ல சிரிச்சாரு."

பேராசிரியர் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அவள் தேடுவது போலித்தேளை. தேளுக்கு இருப்பதுபோல் இடுக்கி உண்டு, கொடுக்குள்ள வால் கிடையாது, எள்ளைவிடச் சிறிய உடம்பு. வளர்ந்த போலித்தேளின் இடுக்கி ஒவ்வொன்றிலும் காற்றசைவை உணரும் நீண்ட ரோமங்கள் பன்னிரண்டு இருப்பது வழக்கம். குட்டிகளுக்குக் குறைவு. தோலுரிக்க உரிக்கத்தான் எண்ணிக்கை கூடும். இந்தக் குகையில் கிடைத்தவற்றுக்கோ எட்டே எட்டு. கண்ணும் இல்லை. இடுக்கியின் பல்வரிசை தெரிந்த எந்தக் கூட்டத்தோடும் சேரவில்லை. வளர்ந்த பிறகும் எட்டோடு நின்றுவிட்ட புதுப் பேரினம் இது என்று நுபியா எழுதினாள். "குட்டிங்கள வச்சு குடும்பம் கட்டாதேம்மா" என்று ஒல்மெதோ ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அடிவயிற்றின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால் வளர்ந்ததா குட்டியா என்று தெரிந்துவிடும்தான். அவளிடம் இருந்தவையெல்லாம் பிடிக்கும்போதே வயிறு நசுங்கிப்போனவை. ஒல்மெதோ கெட்ட மனிதரும் அல்ல. இளவயதில் ஒரு குட்டியைப் புது இனமென்று நம்பிப் பெயர் சூட்டிவிட்டு, பிறகு தவறென்று தானே அச்சில் ஒப்புக்கொண்டவர். அந்தச் சூடு பட்டவர் சொல்கிறாரே என்பதுதான் நுபியாவை உறுத்தியது. இத்தனை வருடம் ராப்பகலாகப் பார்த்தது வெறும் குழந்தைகளைத்தானோ? அப்படியென்றால் அத்தனை உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான்.

அடுத்த கல்லின் அடியில் பருப்பளவில் ஒரு வெள்ளைக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாமிலே, அசையாதே."

"ரொம்பக் குதிக்காதே. குட்டியும் தோலுரிக்கக் கூடு கட்டும்."

அது நுபியாவுக்கும் தெரியும். ஊசி முனையால் கூட்டின் ஓரத்தைக் கிழித்து உருப்பெருக்கியை வைத்தாள். வெளிறிய சின்ன உடம்பு ஒன்று சட்டென்று புரண்டது. அதன் அடிவயிற்றில் ஒரு பை ஒட்டியிருந்தது. பைக்குள் ஜவ்வரிசி மாதிரி ஐந்தாறு கருக்கள். தன் உடம்பிலிருந்தே சாறு சுரந்து அவற்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது அது.

நுபியா உருப்பெருக்கியை யாமிலேயிடம் நீட்டினாள். யாமிலே இடுக்கி ரோமங்களை முணுமுணுத்து எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள்.

"எட்டுதான்டி. அம்மாடி... இது குட்டியில்ல, தாயி."

எந்தக் கண்ணும் படாமல், எத்தனை லட்சம் வருடங்களாக இந்த இருட்டில் இப்படிப் பெற்று வளர்த்துவந்திருக்கிறார்கள் இவர்கள்! நுபியாவுக்கு உடம்பு சிலிர்த்தது, கண் நிறைந்தது. நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

யாமிலே, மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் சாராயக் குப்பியின் மூடியைத் திருகித் திறந்து நீட்டினாள். முழுசாக ஒரு தாய் குப்பிக்குள் வந்தால்தான் அந்தப் பேரினத்துக்கு வைக்கும் பெயர் நிலைக்கும். இல்லாவிட்டால் ஒல்மெதோ மட்டுமல்ல, ஒருவரும் நம்பப்போவதில்லை.

"போடுடி. இதுக்குத்தானே வந்தோம்?"

"போடுறேன். கொஞ்சம் இரு."

அதைத் தொட்டெடுக்கத் தூரிகையைச் சாராயத்தில் நனைத்துக் கூட்டின் மேலே பிடித்தாள். அவள் மூச்சுக்காற்று பட்டு அந்த எட்டு ரோமங்களும் நடுங்கின. மூச்சை அடக்கிக்கொண்டாள். அது இடுக்கிகளைத் தாழ்த்தியது, மெல்லத் திரும்பியது, வாயிலிருந்து நூலிழுத்து, கிழிந்த ஓரத்தை அடைக்க ஆரம்பித்தது.