ஆடி அமாவாசை ஆணி

சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுக வேலைக்குப் போன வீரண்ணன் ஜப்பான்காரன் குண்டில் செத்துப்போனதாகத் தேயிலைத் தோட்டத்தில் வந்து சொன்னவர், கூடப் போயிருந்த சடையன் கங்காணி. அந்த ஆவி அலையாமலிருக்க, ஆடி அமாவாசைதோறும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழேயுள்ள மரத்தில் ஓர் ஆணி அடிப்பவரும் அவரே. எவ்வளவு பெரிய மனசு என்றுதான் வீரண்ணன் மகள் செவனம்மா நினைத்திருந்தாள்.

முகம்கூட நினைவில்லாத அப்பாவைப் பற்றி விசாரிக்க, அவரோடு துறைமுகத்தில் வேலை செய்த பழனியாண்டியைத் தேடிப் பட்டிப்பொல போனாள். ஆணி என்றதும் கிழவர் வெற்றிலையைத் துப்பினார்.

"குண்டு விழுறதுக்கு முந்தின நாளே கங்காணிக்கும் ஒங்கப்பனுக்கும் தகராறு. அன்னைக்கு ராத்திரி அவனோட போன ஒங்கப்பன் திரும்பி வரலம்மா. குண்டுல செத்தவன் தோட்டத்துல யாரைத் தேடி வரப்போறான்? கொன்னவன்தான் பயந்து ஆணி அடிப்பான்."

அன்று மாலையே தோட்டமிருக்கும் பொகவந்தலாவைக்கு வந்து பஸ்ஸை விட்டிறங்கினாள். அன்றுதான் ஆடி அமாவாசை. லயத்துக்கு ஏறும் வழியில், பனிமூட்டத்துக்குள் அந்த மரத்தடியில் கங்காணி சுத்தியலோடு தனியாக நின்றார்.

"பட்டிப்பொல போயிருந்தியாமே, ஆத்தா?" என்று சிரித்தார்.

செவனம்மா அவர் கையைப் பார்த்தாள். இந்த வருஷம் இரண்டு ஆணிகள் இருந்தன.