கருப்பண்ணனின் இரும்புச் சத்து

அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் கருப்பண்ணன், காலடியில் மனைவி மாரியாயி, நாற்காலியில் அவளுடைய அண்ணன் மாதையன். மாதையன் மடியில் தூக்குப்போசி. அதற்குள் மிளகு போட்டு வறுத்த ஆட்டு மண்ணீரல், ஊர்ப் பேச்சில் சுவரொட்டி.

எருமப்பட்டியில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. கொண்டுவந்ததை அவர் தின்று முடிக்கும்வரை எழுந்து போவதுமில்லை. கருப்பண்ணனுக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து பேரீச்சம்பழம், முருங்கைக்கீரைச் சாறு, ஈரல் என்று ரத்தம் ஊறும் சாமான்களாகவே வந்து குவிந்தன. அத்தனையும் தின்றார். பிடித்தும் இருந்தது.

சேலத்தில் சோதனை மருந்து கொடுக்கும் டாக்டர் யாழினிதான் கத்தினாள்.

"கட்டிக்குள்ள இரும்பு சேர்ந்தா, அதோட சண்டை போடுற அணுக்கள் சோர்ந்து போகுதான்னு நாங்க பாத்துட்டு இருக்கோம். நீங்க இரும்பாவே தின்னுட்டு வர்றீங்க. அடுத்த டெஸ்ட்ல அளவு ஏறியிருந்தா ஆய்வுல இருந்து எடுத்துருவோம்."

கோழிப்பண்ணை வைத்திருக்கும் கருப்பண்ணனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கோழிக்குப் போட்ட தீவனத்தைப் பெருச்சாளி தின்று கொழுக்கிறது; கோழி மூலையில் குந்திக்கொள்கிறது. ஏற்கெனவே இரண்டு மருந்துகள் கைவிட்டுவிட்டன. இதை விட்டால் வேறில்லை. டெஸ்ட் நாளைக் காலை.

"வேண்டாமுங்க மச்சான்."

"டாக்டரு சின்னப் புள்ள, அதுக்கென்ன தெரியும்? ஒடம்புல தெம்பு வேணுமில்ல?"

"தெம்பெல்லாம் கட்டிக்குப் போகுதாமுங்க."

"அப்ப அதுக்கும் சேத்துத் தின்னுங்க மாப்ள."

"அண்ணா, மூடியே இருக்கட்டும்," என்றாள் மாரியாயி.

"கறிக்கடையில ரெண்டு மணி நேரம் நின்னு வாங்கியாந்தேன். ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான் இருக்குது. இதத் திங்கலீனா இனி இந்த ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

மாதையன் மூடியைத் திறந்தார். டாக்டர் கத்திய நாளிலிருந்து சோற்று வாசமே பிடிக்காத கருப்பண்ணனுக்கு இன்றைக்கென்று பார்த்துப் பசித்தது. வலக்கை தானாக நீண்டது. இடக்கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

மச்சானைத் துரத்த முடியாது. தன்னை நம்பவும் முடியாது. சுவரைப் பிடித்து எழுந்து, முட்டை அட்டைகள் அடுக்கிய பக்கத்து அறைக்கு நடந்தார்.

"ஏனுங்க, எங்க போறீங்க?"

"வெளிய பூட்டு. காலையில கார் வந்தாத்தான் தொறக்கோணும்."

"சோறு?"

"சன்னல்ல குடு. உங்கண்ணன் கையில குடுத்தனுப்பாத."

"நீங்களே கெஞ்சினா?"

"கெஞ்சுவேன். தொறக்காத."

மாதையன் தூக்குப்போசியோடு ஓடி வருவதற்குள் மாரியாயி கதவைச் சாத்திப் பூட்டிவிட்டாள்.