பட்டியலில் குறைத்தது

ஊதுவத்திக் கட்டைத் தேடி மேசைக்கு அடியில் கையை விட்ட ஸ்வாதிக்கு அப்பாவின் மூக்குக்கண்ணாடி தட்டுப்பட்டது. கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பக்கக் காம்பு மடங்கி, தூசியில் கிடந்தது.

அதை எடுத்துத் துடைத்தவள் குத்துக்காலிட்டபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டடி தள்ளி, ஃப்ரீசர் பெட்டிக்குள் அப்பா மாடசாமி நேற்றுக் காலையிலிருந்து படுத்திருக்கிறார். நைட் ஷிப்ட் முடிந்து வந்தார், கட்டிலில் படுத்தார், எழுப்பினால் எழவில்லை. தம்பி ஸ்ரீராம் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னது இதைத்தான். வீட்டில் அப்போது அவன் ஒருத்தன்தான் இருந்தான். அம்மா கேன்டீன் வேலைக்குப் போயிருந்தாள், ஸ்வாதி அஞ்சே காலுக்கே கம்பெனி பஸ் ஏறியிருந்தாள். ஆனால் கட்டில் உள்ளறையில் இருக்கிறது. கண்ணாடி முன்னறையில், கம்ப்யூட்டருக்குப் பின்னால் கிடக்கிறது. படுக்கப் போகிற மனுசன் கண்ணாடியை இங்கே கொண்டுவந்தா போடுவார்?

கண்ணாடியைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு எழுந்தாள். அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மானிட்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும் குட்டிக் காமிரா இல்லை. அதன் வயரும் இல்லை. செத்த வீட்டில் யார் அதைக் கழற்றினார்கள்?

அதற்குப் பிறகு அவள் தம்பியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தாள். பையன் அப்பாவின் பக்கமே வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து போனைக் கையில் பொத்தி வைத்திருந்தான். பேட்டரி தீர்ந்துபோன மாமா ஒருவர், ஊருக்கு ஒரு போன் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டுப் போனை வாங்கிக் கொடுத்தானே தவிர தன்னுடையதைத் தரவில்லை. இருபது வயதில் அப்பனைப் பறிகொடுத்தவன் கதறி அழ வேண்டாமா? இவன் அழவும் இல்லை. திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

ஸ்வாதியைப் பயமுறுத்தியது வேறொன்று. காலையில் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அத்தை வீரலட்சுமி, "எண்ணே!" என்று அலறிக்கொண்டு ஃப்ரீசர் பெட்டியின் மேல் விழுந்தாள். விழுந்த வேகத்தில் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள்.

"ஏ யாத்தே, சுருக்குங்கு! கரண்டு அடிக்கி!"

வீட்டு ஓனர் ராமப்பன் எங்கிருந்தோ ஓடி வந்தார். "ஏனம்மா, பெட்டியிலதான் எதோ லீக்கு. நம்ம வீட்டு வயரிங் எல்லாம் பக்காவா இருக்குது." கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்ன அவசரத்தை ஸ்வாதி குறித்துக்கொண்டாள். ஃப்ரீசர் பெட்டியைச் செருகியிருந்தது கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிட்டுத்தான். அதே பாயின்ட்.

அந்தக் கம்ப்யூட்டர் அவள் வாங்கிக் கொடுத்தது. கேம் ஆடி, ஆடுவதை லைவாக விட்டு, நாலு பேர் பார்த்து, அதில் சம்பாதிக்கப் போவதாக ஸ்ரீராம் சொன்னபோது வீட்டில் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். ஐம்பதாயிரம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்றாள். அக்காவும் தம்பியும் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்பாகப் பொறுக்கினார்கள். புது பிராசசர், பழைய கிராபிக்ஸ் கார்டு, ரேம் இப்போதைக்கு ஒன்று போதும், காமிரா சின்னது. எப்படிக் கூட்டினாலும் மூவாயிரம் உதைத்தது. ஸ்ரீராம் பட்டியலில் மைக்கை அடிக்கப் போனான்.

"அதுல கை வைக்காத. நீ பேசறது தெளிவா கேக்கலன்னா எவன்டா ஒக்காந்து பாப்பான்? இந்தப் பவர் சப்ளை எதுக்கு இவ்ளோ வெல? கரண்ட வாங்கி உள்ள குடுக்கற டப்பாதான? பேர் இல்லாத ஒண்ணு எடு."

"அதுல மட்டும் மிச்சம் புடிக்கக் கூடாதுக்கா. எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாருமாடா பணம் குடுக்கறாங்க?"

அவன் பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டான். பவர் சப்ளை என்று எழுதியிருந்ததை அவளே அடித்துத் திருத்தினாள். அப்புறம் ஒருநாள், கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது என்று சொன்னான். செருப்புப் போட்டுக்கொள் என்றாள். இப்போது நினைத்தால் அந்தப் பதிலுக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

ஃப்ரீசர் பெட்டிக்குள் அப்பாவின் கட்டைவிரல்கள் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தீக்காயம் இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்கை தெரியவில்லை. தெருக்கோடி டாக்டர் வந்து இரண்டு நிமிடம் பார்த்து, ஹார்ட் அட்டாக் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எரிமேடையில் மூன்று மணிக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. அங்கே போய்விட்டால், அப்பாவைக் கொன்றது நெஞ்சா, தான் மிச்சம் பிடித்த மூவாயிரமா என்பதைச் சாகும்வரை தெரிந்துகொள்ள முடியாது. வாயைத் திறந்து சொன்னாலோ போலீஸ், பெரியாஸ்பத்திரி, அப்பாவை அறுப்பார்கள். அம்மா ஜோதிமணி பெட்டியின் காலடியில் சுருண்டு கிடந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வது?

மணி பன்னிரண்டரைக்கு ஸ்ரீராம் மெதுவாக எழுந்து மாடிக்குப் போனான். ஸ்வாதி பின்னாலேயே போனாள். தண்ணீர் டேங்குக்குப் பின்னால், வெயிலில், சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். தூரத்தில் அத்திப்பள்ளிப் பக்கம் போகும் லாரிகளின் இரைச்சல் கேட்டது.

"அப்பா எங்கடா உழுந்தாரு?"

"கட்டில்ல. சொன்னனேக்கா."

முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

"ஷாக்காடா? கம்ப்யூட்டர் பெட்டியத் தொட்டாரா? மறைக்காம சொல்லிரு. பவர் சப்ளைய மாத்தச் சொன்னது நான்தான். உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஷாக்கா?" அவன் திகைத்த திகைப்பைப் பார்த்தால் நடிப்பாகத் தெரியவில்லை. "அய்யோ, அதெல்லாம் இல்லக்கா. நான் பாக்கும்போது சேர்ல சாஞ்சிருந்தாரு. கை ரெண்டும் மடியில இருந்துச்சு."

"அப்ப கட்டில்னு ஏன் சொன்ன?"

அவன் மூக்கை உறிஞ்சினான். "லைவ் போய்க்கினு இருந்துச்சு. நைட்டெல்லாம் ஆடினேன். குளிச்சிட்டு வந்துடறேன், எல்லாரும் இருங்கன்னு சொல்லிட்டு அப்டியே விட்டுட்டுப் போனேன். வந்து பாத்தா அப்பா, காமிரா முன்னாடி. பதினாலு பேரு பாத்துக்கினு இருந்தாங்க. நான்தான் காமிராவ வயரோட புடுங்கிப் போட்டுட்டு அப்பாவத் தூக்கினு போயி கட்டில்ல போட்டேன். உன் புருசன் செத்தத யாரோ பதினாலு பேரு பாத்தாங்கம்மான்னு அம்மாகிட்ட எப்டிக்கா சொல்றது?"

ஸ்வாதி கண்ணாடியை மறுபடி துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்.

"அந்த வீடியோ என் சேனல்ல இருக்குது. இப்ப என்னத் தவிர யாராலயும் பாக்க முடியாது, பூட்டி வச்சிட்டேன். நேத்துலருந்து கையிலயே வச்சினு இருக்கேன். பாக்கவும் முடியல, அழிக்கவும் முடியல." போனை நீட்டினான். "நீ பாருக்கா. பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அப்பா என்னக் கூப்ட்டாரா?"

கீழேயிருந்து அத்தை அவனைத் தேடிச் சத்தம் போட்டாள். "ஏல ராமு, எங்கல போன? மொட்ட போட ஆள் வந்தாச்சு!"

அவன் இறங்கிப் போனான். ஸ்வாதி டேங்கின் நிழலில் உட்கார்ந்து காதில் இயர்போனைச் செருகினாள்.

முதலில் காலி நாற்காலி. பின்னால் பாத்ரூமில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம். உள்ளே ஸ்ரீராம் ஏதோ பாட்டை முணுமுணுக்கிறான், அதுகூடக் கேட்டது. வாசல் கதவு திறந்தது. கம்பெனி யூனிபார்மோடு, கழுத்தில் அட்டை தொங்க, அப்பா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். திரையில் தன் முகத்தைப் பார்த்ததும் தலையைக் கையால் படிய வைத்துக்கொண்டார். லைவ் பார்த்துக்கொண்டிருந்த யாரோ திரையில் எதையோ எழுதியிருக்க வேண்டும், பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஆமா, அவங்கய்யாதான்" என்று திரையைப் பார்த்து வெட்கத்தோடு சொன்னார். "நல்லா இருக்கியளா?"

ஸ்வாதி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் கை நெஞ்சுக்குப் போனது.

கம்ப்யூட்டர் பெட்டி இருந்த பக்கமே அவர் கை போகவில்லை. அதை மறுபடி ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஷாக் இல்லை. பவர் சப்ளை இல்லை. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் அந்த நிம்மதி நிலைத்தது.

"ராமு" என்றார் அப்பா.

உரக்கக் கூப்பிட அவருக்குத் தெம்பில்லை. பக்கத்தில் நின்றால்கூடக் கேட்டிருக்காது. மைக் அதைப் பிடித்திருந்தது. மூச்சு இழுப்பதையும், நாக்கு உலர்ந்து ஒட்டுவதையும் பிடித்திருந்தது.

"ஏல ராமு. தண்ணி."

தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. பாட்டு நின்று வேறு பாட்டு தொடங்கியது. ஓரத்தில் முகம் தெரியாத யார் யாரோ எழுதிய வரிகள் மேலே ஓடின. ப்ரோ, அப்பா கூப்பிடறாங்க. ப்ரோ எங்க இருக்கீங்க. ப்ரோ சீக்கிரம் வாங்க. எழ முயன்ற அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடி நழுவியது. இன்னொரு தடவை கூப்பிட்டார். எண்ணக் கூடாதென்று நினைத்தும் ஸ்வாதி எண்ணிவிட்டாள். ஏழு தடவை, நாலு நிமிடம். துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு, கீழே யாருக்கும் கேட்காமல் அழுதாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஸ்ரீராம் மொட்டைத் தலையோடு, ஈர வேட்டி கட்டி, இடுப்பில் குடத்தை இடுக்கிக்கொண்டு நின்றான். நீர்மாலைக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்பாவைக் குளிப்பாட்ட மகன் போய்த் தண்ணீர் எடுத்துவர வேண்டும். ஊராக இருந்தால் கிணற்றுக்குப் போவார்கள், இங்கே தெருமுனை போர்க்குழாய்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கூப்ட்டாரா?"

"இல்லடா. வந்தாரு, ஒக்காந்தாரு, உன் ஆளுங்கள நல்லா இருக்கீங்களான்னு கேட்டாரு. அப்டியே சாஞ்சிட்டாரு. ஒரு சத்தம் இல்ல."

அவன் அவளையே பார்த்தான். காலையிலிருந்து அவள் அவனைப் பார்த்த அதே பார்வை.

"அழுதிருக்க."

"அப்பாவப் பாத்தா அழ மாட்டனா?"

"என் தலையில அடிச்சு சொல்லு."

மழித்த தலையை அவள் பக்கம் குனிந்தான். ஸ்வாதியின் கை பாதி தூரம் எழுந்து நின்றுவிட்டது. பொய்ச் சத்தியம் தலையைத் தாக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். இருக்கிற ஒரு தம்பியின் தலை இது. கையைக் கீழே விட்டாள்.

"அப்பா மேல சத்தியம்டா" என்றாள். அவருக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

குனிந்தபடியே அவன் தோள் குலுங்கியது. நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து, வாய்விட்டு அழுதான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இன்னொரு கையில் போனைப் பிடித்து அழிக்கிற இடத்தைத் தேடினாள். நிரந்தரமாக அழிந்துவிடும், சரியா என்று கேட்டது. சரி என்று அழுத்தினாள். மறுபடியும் கேட்டது. மறுபடியும் அழுத்தினாள்.

கீழே சங்கு ஊதினார்கள். ராமப்பன் யாரையோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஸ்ரீராம் கண்ணைத் துடைத்துக் குடத்தை எடுத்தான்.

"இர்றா" என்றாள் ஸ்வாதி. அவன் காது மடலுக்குள் வெட்டின முடி ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துப்பட்டா நுனியை விரலில் சுற்றி, காதுக்குள் விட்டுத் துடைத்தாள். துடைத்து முடித்ததும், அவன் இன்னொரு காதையும் திருப்பிக் காட்டினான்.