மணிக்குப் பத்து கிலோமீட்டர்

முதலாளியிடம் நாற்பது வண்டிகள் இருந்தன. முப்பத்தொன்பது வண்டிகள் ரொட்டி, பால், குழாய், சிமெண்டு என்று உயிரில்லாத சரக்கை ஏற்றின. நாற்பதாவதும் அதைத்தான் ஏற்றியது. அதற்கு மட்டும் அமரர் ஊர்தி என்று மரியாதையான பெயர்.

அதை ஓட்டியவரை வண்டிக் கொட்டகையில் எல்லோரும் சொர்க்கம் என்றுதான் கூப்பிட்டார்கள். "என்ன சொர்க்கம், இன்னைக்கு எத்தனை டிக்கெட்?" என்று யாராவது கேட்காத நாள் கிடையாது. பதினேழு வருடத்தில் அவர் வண்டியில் பயணம் செய்தவர் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

குறை சொல்ல ஆரம்பித்தது அந்தப் பெட்டிதான். ஏதோ கண்காட்சிக்குப் போய்வந்த முதலாளி, ஸ்டியரிங் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டியை எல்லா வண்டியிலும் மாட்டச் சொல்லிவிட்டார். வேகம், பிரேக், நிறுத்தம் எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். பெண் குரலில் கண்டிக்கும். சனிக்கிழமை மாலை நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். மூன்று வாரம் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே போனால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள், மூட்டை தூக்க. ஓட்டுநர்கள் அதற்கு அத்தை என்று பெயர் வைத்தார்கள். நன்றாக ஓட்டினால் அதிகம் பேசாது, தப்பாக ஓட்டினால் நிறுத்தாது.

அத்தையைப் பொறுத்தவரை மணிக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கீழே போவதெல்லாம் தேவையற்ற தாமதம். சொர்க்கத்துக்கோ தாமதம்தான் தொழில். முதல் வாரம் முப்பத்தெட்டு, அடுத்த வாரம் முப்பத்தாறு. அவர் முதுகில் தகடு வைத்து இரண்டு வருடம் ஆகிறது. வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூட்டை தூக்கினால் தன் வண்டியிலேயே தான் படுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். முதலாளியிடம் போய் நின்றார்.

"ஐயா, வண்டிக்கு முன்னாடி சொந்தபந்தம் நடந்து வருது. நான் எப்படிங்கய்யா வேகமாப் போறது?"

"அப்ப அவங்களை வேகமா நடக்கச் சொல்லுய்யா. எல்லா வண்டிக்கும் ஒரே சட்டம்தான். நீ ஏத்துறவன் செத்துட்டான்னு சட்டமுமா செத்துடும்?"

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, கூட்டத்தின் நடுவே, சுவரில் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்த வரைபடத்தைச் சுட்டிக்காட்டியபடியே முதலாளி கீழ்நோக்கிச் சாய்ந்தார். டிக்கெட் வாங்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஊர்வலம். அதுவரை அந்த வாரத்து மார்க் நாற்பத்திரண்டு. இன்று மட்டும் பெட்டியை அணைத்துக்கொள்ளலாமா என்று முதலாளியின் மகனிடம் கேட்டார் சொர்க்கம்.

மகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "என்ன பேசறீங்க? அது அப்பாவோட கனவு. அணைக்கக் கூடாது. சொல்லப்போனா, மேல இருக்கற ஸ்பீக்கர்ல கனெக்ட் பண்ணுங்க. அவர் கொண்டுவந்த குரல் அவரை வழியனுப்பட்டும்."

பக்கத்தில் இருந்த வணிகர் சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆஹா, இதுவல்லவா அஞ்சலி!" அவர் பையில் ஏழு பக்க இரங்கல் உரை இருந்தது.

மகனும் தலைவரும் முன்வரிசை. பின்னால் இருநூறு பேர், அவர்களுக்குப் பின்னால் வண்டி. கிளம்பியதுமே ஸ்பீக்கர் முழங்கியது.

"பின்னால் இருக்கும் பயணி பெல்ட் அணியவில்லை."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சொர்க்கம் இறங்கிப்போய்ச் சவப்பெட்டியின் குறுக்கே பெல்ட்டை மாட்டினார். ஏதோ உயர்ந்த மரியாதை என்று நினைத்து நாலைந்து பேர் தலை குனிந்தார்கள்.

"தேவையற்ற தாமதம். மதிப்பெண் நாற்பத்தொன்று."

"யாருக்கு மார்க்? செத்தவருக்கா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"உயிரோட இருந்தப்ப இதைவிடக் கம்மிதான்" என்றது இன்னொரு குரல்.

"தேவையற்ற தாமதம். மதிப்பெண் நாற்பது."

இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருந்தது. சொர்க்கத்தின் முதுகுத் தகடு சில்லென்றது. அடுத்த நிமிடம் முப்பத்தொன்பது, அப்புறம் மூட்டைதான். அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"கொஞ்சம் எட்டி நடங்கய்யா! பத்துக்குக் கீழ போகக் கூடாதாம்!"

"யாருய்யா சொன்னது?" என்று முன்வரிசையிலிருந்து கத்தினார் தலைவர்.

சொர்க்கம் பெருவிரலால் பின்பக்கம் காட்டினார். "பெரியவர்தாங்க. உத்தரவு போட்டுட்டுத்தான் படுத்திருக்கார்."

செத்தவர் உத்தரவு என்றதும் யாருக்கும் மறுக்க வாய் வரவில்லை. சொர்க்கம் மெல்ல மிதித்தார். வண்டி கடைசி வரிசையை முட்டாத குறையாக நெருங்க, அவர்கள் தங்களுக்கு முன்னால் போனவர்களைத் தள்ள, தள்ளல் முன்வரிசைக்கு வந்தபோது அது ஓட்டமாகியிருந்தது. முதலில் ஒதுங்கினால் துக்கம் குறைவு என்று பேசுவார்களே என்று பயந்து ஒருவரும் ஒதுங்கவில்லை. மகன் வேகம் எடுத்தான். சங்கத்தின் மானம் தன் காலில்தான் இருக்கிறது என்று நினைத்தவர்போலத் தலைவர் அவனை முந்தினார். கறுப்புக் கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது. புது ஷூ ஒன்று நடுத்தெருவில் தனியாக நின்றது. முடிதிருத்தும் கடை வாசலில் நின்றவர்கள் போட்டி ஓட்டம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அரை முகத்தில் சோப்போடு ஒருவர் விசிலும் அடித்தார்.

"சீரான வேகம். வாழ்த்துகள். மதிப்பெண் நாற்பத்தாறு."

சொர்க்கத்துக்குச் சிரிப்பு வந்தது. மூஞ்சியைத் துக்கமாகவே வைத்துக்கொண்டு ஓட்டினார். பதினேழு வருடப் பழக்கம் அது.

மயானத்தின் வாசலில் பிரேக் போட்டபோது மார்க் ஐம்பத்தொன்று. இருநூறு பேரும் மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

"சேருமிடம் வந்துவிட்டது. பயணி இறங்கலாம்" என்றாள் அத்தை.

தலைவர் ஏழு பக்கத்தையும் பிரித்தார். வாய் திறந்தது, காற்று வரவில்லை. "நல்ல… மனுஷன்…" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்தார். அவருடைய மேடைப் பேச்சுகளிலேயே அதுதான் சிறந்தது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மகன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். வேலை போய்விட்டது என்றே நினைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார் சொர்க்கம். மகன் ஒரு காலில் கட்டோடு, முகமெல்லாம் மலர்ச்சியாக இருந்தான்.

"உக்காருங்க. ஊரே இதைத்தான் பேசுது. பத்தரைக்கெல்லாம் எல்லாரும் கடையைத் திறந்துட்டாங்களாம். இதுவரைக்கும் எந்தச் சாவுக்கும் இப்படி நடந்ததில்லையாம். அதே மாதிரி வேணும்னு இன்னைக்கே மூணு குடும்பம் போன் பண்ணிட்டாங்க. 'விரைவு இறுதிப் பயணம்'னு பேர் வெச்சிருக்கேன். வண்டி உங்களுதுதான், யாரும் தொட மாட்டாங்க."

சொர்க்கம் சாவியை மெதுவாகப் பைக்குள் போட்டார். முதுகு நிமிர்ந்தது.

"ஒண்ணே ஒண்ணு. இனிமே பத்து இல்ல, பதினஞ்சு."

சொர்க்கம் அவன் கால் கட்டைப் பார்த்தார்.

"பதினஞ்சுன்னா தம்பி, முன்னாடி ஓடறவங்கள்ல ஒண்ணு ரெண்டு பேரு பின்னாடி ஏற வேண்டி வருமே."

மகன் யோசித்தான். யோசிக்கும்போது அப்படியே அப்பாவின் முகம்.

"அப்ப அதைத் தனி டிரிப்பா எழுதிக்கோங்க."